தொகுதி இல்லாத நாற்காலி

அத்தியாயம் 17

ஸ்ரேயாஸிடம் எல்லா நல்ல குணமும் உண்டு. பொறுமை ஒன்றுதான் இல்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முதல் நாளே தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தவன் அவன். ரிசல்ட் என்ன ஆயிற்று என்று இப்போது கேட்டு அவன் மனதை நோகடிக்க வேண்டாம்.

அதனால், அக்காவுக்குப் புதுச்சேரியில் எம்எல்ஏ பதவி வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் அவன் நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர்களுடைய கெஸ்ட் ஹவுஸ். மாடியில் வாடகை அறைகள், கீழே பின்பக்கம் குடும்பம். காம்பவுண்டுக்கு உள்ளேதான், ஆனால் ரோட்டில் போகிற யாரும் தப்பிக்க முடியாதபடி, இரும்புச் சட்டத்தில் ஏறி நின்று தீக்ஷா கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

‘எங்கள் மண்ணின் மகள்! புதுவை மாநிலம் தோப்புக்குப்பம் தொகுதி மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் தீக்ஷா ஸ்ரீபாலன், பி.ஏ., பி.எல்., அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்!’

கீழே மூலையில் வரவேற்பவரின் படமும் இருந்தது, கூலிங் கிளாஸோடு. வரவேற்கப்படுபவரின் படத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய அசல் தீக்ஷா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பௌர்ணமி என்பதால் பாண்டி பஸ்ஸைத் திண்டிவனம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, கூட்டத்துக்குள் ஊர்ந்து வருவதற்குள் பாதி ஜீவன் போயிருந்தது. மீதிப் பாதியை ஃப்ளெக்ஸ் வாங்கிக்கொண்டது.

மாடி அறையில் தங்கியிருக்கும் இத்தாலிக்கார அம்மாள் ஒருத்தி ஃப்ளெக்ஸ் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தையும் தீக்ஷாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கை கூப்பி வணக்கம் சொன்னாள். யாரோ பெண் சாமியார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

“அக்கா! எப்படி?” என்று ஓடி வந்தான் ஸ்ரேயாஸ்.

“டேய், இதை முதல்ல எறக்குடா.”

“ஏன்க்கா? போட்டோ நல்லா இல்லையா?”

“இன்னும் யாரும் எதையும் அறிவிக்கலடா. நான் சரின்னே இன்னும் சொல்லல.”

“அம்மா அறிவிச்சாச்சுன்னு சொன்னாங்களே.”

“அம்மா அறிவிச்சுட்டா ஆச்சா? அது கிடக்கட்டும். தோப்புக்குப்பம் தொகுதின்னு யார் போடச் சொன்னது?”

“ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்டாரு, எந்தத் தொகுதின்னு. எம்எல்ஏன்னா தொகுதி இருக்கணும்ல? நீ நின்னது அதானே?”

அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. திருவண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் எம்எல்ஏ என்றால் ஓட்டு வாங்கி ஜெயித்தவர், அவருக்கு ஒரு தொகுதி, அவ்வளவுதான். ஓட்டு வாங்காமல் ஓர் எம்எல்ஏ உண்டு என்றால் நம்ப மாட்டார்கள்.

“நியமன உறுப்பினருக்குத் தொகுதி கிடையாதுடா.”

“அப்ப நீ எந்த ஊருக்கு எம்எல்ஏ?”

“மொத்தத்துக்கும்.”

“அப்ப இது அதைவிடப் பெருசுல்ல?”

தீக்ஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து வேறு ஒன்றும் வந்தது. படத்துக்கு மேலே, சிவப்பு எழுத்தில் இருந்த அந்தத் தொகுதிப் பெயரை இன்னொரு தடவை படித்தாள். பொய்தான். ஆனாலும் பார்க்கப் பிடித்திருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“எறக்கிடு.”

“போல்ட்டு போட்டு முறுக்கியிருக்குக்கா. மாட்டுன பசங்க எல்லாம் கிரிவலப் பாதையில தண்ணி பாட்டில் விக்கப் போயிட்டானுங்க. சாயங்காலம் வந்ததும் கழட்டச் சொல்றேன்.”

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு இங்கே இரண்டு வார்த்தை.

தீக்ஷா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் குடிவந்த சமணக் குடும்பத்துப் பெண். பாண்டிச்சேரியில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஸ்ரீபாலனுக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கேயே வக்கீலாக இருக்கிறாள். போன தேர்தலில் ஆளும் கட்சி வேட்பாளராகத் தோப்புக்குப்பத்தில் நின்று, எதிர்க்கட்சி வளவனிடம் முந்நூறுக்கும் குறைவான ஓட்டில் தோற்றுப்போனாள். அந்தத் தோல்வியில் அவளைவிட அதிகமாக உடைந்தவன் ஸ்ரீபாலன். கடையை மறந்து அவளுக்காக ராப்பகலாக அலைந்தவன் அவன்தானே.

புதுச்சேரிச் சட்டசபைக்கு முப்பது பேரை மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். அதற்கு மேல் மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கலாம். அந்த மூன்று பேருக்கும் நாற்காலி உண்டு, சம்பளம் உண்டு, சபையில் ஓட்டும் உண்டு. தொகுதிதான் கிடையாது. அதில் ஓர் இடம் காலியாகியிருந்தது. தீக்ஷாவின் பெயரைத் தில்லிக்கு அனுப்பட்டுமா என்று கட்சித் தலைவரே போனில் கேட்டார்.

அவள் அம்மா அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவளைத் தோற்கடித்த வளவன் கட்சி மாறி இந்தப் பக்கம் வரப்போகிறான். வருவதற்கு அவன் கேட்ட விலை, அடுத்த தேர்தலிலும் தோப்புக்குப்பம் தனக்கே என்பது. ஆக, தீக்ஷா நியமன நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால், தோப்புக்குப்பத்தை இனி ஜென்மத்துக்கும் கேட்கக் கூடாது.

கட்சிச் செயலாளர் ராஜமாணிக்கம் மாதம் தவறாமல் கிரிவலம் வருகிறவர். இன்று சாயங்காலம் நடக்கிற வழியில் வீட்டுக்கு வந்து பதிலை வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. “அதுக்குள்ள உங்க அப்பா அம்மாகிட்ட நிதானமா பேசு, போ” என்று ஸ்ரீபாலன்தான் விடியற்காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டான்.

இனி சமையலறைக்குப் போவோம்.

“வாடி எம்எல்ஏ!” என்றாள் சுனந்தா, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே.

“நீயுமாம்மா?”

“நான் கூப்பிடாம வேற யாரு கூப்பிடறது? உள் ரூம் பீரோவைத் தெற. மேல் தட்டுல ஒரு கவர் இருக்கும் பாரு.”

கவருக்குள் ஒரு புடவை இருந்தது. சந்தன நிறம், மெரூன் கரை, நல்ல பருத்தி.

“பதவியேற்பு அன்னைக்குக் கட்டிக்க. ஆரணியில பட்டே எடுத்திருப்பேன். புழுவைக் கொன்னு வர்ற துணியைத் தொடமாட்டேன்னு நம்ம மேல்சித்தாமூர் மடத்துல விரதம் எடுத்துட்டேன்ல. நான் கட்டறது பாவம்னா உனக்கு வாங்கித் தர்றதும் பாவம்தானே?”

தீக்ஷா புடவையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் இன்னும் சரின்னு சொல்லல.”

அவரைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது.

“சொல்லாம?”

“யோசிக்கறேன்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கு. வழிவிடு, நான் யோசிச்சுட்டு வரேன்னா சொல்லுவாங்க?”

“ஜெயிச்சு வர்றது வேறம்மா. இது சும்மா தூக்கி உக்கார வைக்கறது.”

சுனந்தா கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

“ஓட்டு எண்ணுன அன்னைக்கு நான் டிவி முன்னாடியே உக்காந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும் நீதான் முன்னாடி. ஸ்ரேயாஸ் வெடி வாங்கிட்டே வந்துட்டான். அப்புறம் உன் பேரு கீழ போச்சு. நீ போன் பண்ணி, ‘பரவால்லம்மா, நீ சாப்டியா’ன்னு கேட்ட. உன் குரலு எனக்குத் தெரியாதா? அழுது முடிச்சுட்டு மூஞ்சி கழுவிட்டுத்தான் பேசுன. அதுக்கப்புறம் ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல. இன்னொரு தடவை உன்னை அந்த மாதிரி பாக்க என்னால ஆவாது.”

தீக்ஷா மடியிலிருந்த புடவையின் கரையை நீவிவிட்டாள்.

“போதாததுக்கு அந்த மீன் மார்க்கெட்டு! நம்ம வீட்டு வாசப்படியில முட்டைகூட ஏறினதில்ல. நீ அதுக்குள்ள போயி கும்பிட்டுக்கிட்டு நிக்கற போட்டோவை இவன் காட்டினான். தலை சுத்திடுச்சு எனக்கு.”

“முதல் நாள் எனக்கும்தான் கொமட்டுச்சு. அப்புறம் பழகிடுச்சும்மா. இப்ப சங்கரா எது, வஞ்சிரம் எதுன்னு பார்த்ததுமே சொல்லிடுவேன்.”

“ஐயோ, சமையக்கட்டுல பேரைச் சொல்லாதடி!”

இருவருமே சிரித்துவிட்டார்கள். ஆனால் தீக்ஷா அந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால், ‘விட்டுத் தொலை, பீடை ஒழிஞ்சுது’ என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கோர்ட்டில் நீதிபதியையே மடக்கிப் பேசுகிறவள்தான். அம்மா வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் மட்டும், அதைத் தாண்டிப் போக அவளுக்கு இன்றைக்கும் தெம்பு கிடையாது.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் ஏறிவிட்டது. வெறுங்காலோடு ஜனங்கள் செங்கம் ரோட்டை நிறைத்துக்கொண்டு நடந்தார்கள். வாசலில் அப்பா தர்மசந்திரன், பௌர்ணமிதோறும் செய்கிறபடி, இரண்டு பெரிய பாத்திரங்களில் மோர் வைத்துக்கொண்டு நின்றார். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலை விவசாயம் பார்த்த கை. டம்ளரை நீட்டுவதில்கூட அவசரம் இருக்காது. தீக்ஷாவும் போய்ப் பக்கத்தில் நின்று ஊற்றிக் கொடுத்தாள். பாதிப் பேர் மோரை வாங்கிக்கொண்டு, மேலே இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, ‘அட, எம்எல்ஏவே ஊத்தறாங்களே’ என்று இன்னொரு கும்பிடு போட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது போன் அடித்தது. ஜோதியம்மாள். தோப்புக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள்.

“தீச்சாம்மா, எங்கக் கீற? ரெண்டு நாளா கொழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. மீனு கழுவக்கூட வழியில்ல. இன்னா பண்றது, நீயே சொல்லு!”

“வளவன் சாருக்குப் பேசுனீங்களாக்கா?”

“பேசாம? ரிங்கு போவுது, எடுக்கறவன்தான் இல்ல. நீதான் எப்ப அடிச்சாலும் எடுக்கற. நீ தோத்துப் போனதுக்கு நாங்க தண்ணியில்லாம கெடக்கணுமா?”

“நான் ஊருக்கு வந்திருக்கேன்க்கா. இருங்க, இன்ஜினியருக்குப் பேசிட்டுக் கூப்பிடறேன்.”

“வெக்காத, இரு. ஒண்ணு சொல்லிடறேன். ரொம்ப நாளா மனசுலயே வச்சிக்கினு கீறேன். நான் உனக்கு ஓட்டுப் போடல. தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“எப்படித் தெரியும்?”

“ஓட்டுப் போட்டவங்க எல்லாம் என்னைப் பார்த்தா பாவப்படறாங்க. நீங்கதான் வேலை வாங்கறீங்க.”

மறுமுனையில் ஜோதியம்மாள் சிரித்த சிரிப்பு தர்மசந்திரன் காதுவரை கேட்டது.

“என் புள்ள சொன்னான்னு அவனுக்குப் போட்டுத் தொலைச்சேன். அடுத்த வாட்டி எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன். எங்க தெருவு மொத்தமும் உனக்குத்தான். நீ நிப்ப இல்ல?”

தீக்ஷா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இன்னாம்மா சத்தத்தைக் காணோம்? நிப்ப இல்ல?”

“முதல்ல தண்ணி வரட்டும்க்கா” என்று சொல்லிப் போனை வைத்தாள். உடனே இன்ஜினியருக்குப் பேசினாள். மோட்டார் ரிப்பேர், நாளைக்குத்தான் ஆகும் என்றார் அவர். அதுவரைக்கும் லாரி அனுப்புங்கள் என்றாள். பார்க்கலாம் என்றார். பார்க்க வேண்டாம், அனுப்புங்கள் என்றாள். கடைசியில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

தர்மசந்திரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இன்னும் நாலு பேருக்கு மோர் கொடுத்தார்.

“இந்த நியமனம் வந்துட்டா அந்தம்மா உன்னைக் கூப்பிடலாமா?” என்று கேட்டார்.

“கூப்பிடலாம்ப்பா. ஆனா நான் போய் நின்னா, இது என் தொகுதி, உனக்கு இங்க என்ன வேலைன்னு அந்த எம்எல்ஏ கேப்பாரு.”

“அடுத்த எலெக்ஷன்ல நின்னு ஜெயிச்சுட்டா கேக்க மாட்டாருல்ல?”

அவள் பாத்திரத்துக்குள் கரண்டியை விட்டுச் சும்மா கலக்கினாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ எதையோ சொல்லாம வச்சிருக்கம்மா. பரவால்ல. சொல்லணும்னு தோணும்போது சொல்லு” என்றார்.

வெயில் தாழ ஆரம்பித்த நேரத்தில் ராஜமாணிக்கம் வந்தார். வெறுங்கால், வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு. கூட வந்த கட்சிக்காரர்களை ரோட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் உள்ளே வந்தார். நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கட்சியில் கெட்ட சேதி சொல்ல வேண்டிய இடத்துக்கெல்லாம் அதனால்தான் அவரையே அனுப்புவார்கள்.

ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முழுக்கப் படித்தார்.

“யாரும்மா இதை வச்சது?”

“நான்தான் சார்” என்று முன்னே வந்தான் ஸ்ரேயாஸ். “டிசைனும் நான்தான்.”

“படம் ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அந்தத் தொகுதிப் பேரை மட்டும் ஒரு துணியைப் போட்டு மூடிடுங்க. வளவனோட ஆளுங்களும் இன்னைக்குக் கிரிவலம் வந்திருக்காங்க. எவனாவது போட்டோ புடிச்சு அனுப்பிட்டான்னா அவரு முறுக்கிக்குவாரு. எங்க தொகுதியை அவங்க எப்படிப் போட்டுக்கலாம்னு.”

“அவங்க தொகுதியா?” வாசற்படியிலிருந்து வந்தது சுனந்தாவின் குரல். “அவரு எதிர்க்கட்சிதானே? அவரு முறுக்கிக்கிட்டா நமக்கு என்ன?”

ராஜமாணிக்கம் தீக்ஷாவைப் பார்த்தார். தீக்ஷா தரையைப் பார்த்தாள்.

“வீட்ல சொல்லலையாம்மா நீ?”

அவள் சொல்லாததால் அவரே சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக, எதையும் கூட்டாமல் குறைக்காமல். வளவன் இந்தப் பக்கம் வருவதை, மாசக் கடைசியில் நம்பிக்கை ஓட்டெடுப்பு வருவதை, அதில் ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்பதை, தோப்புக்குப்பம் இனி வளவனுக்குத்தான் என்பதை.

“வயசுல பெரியவன் சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா. தேர்தல்ங்கறது சூதாட்டம். இன்னொரு தடவை நின்னு ஜெயிப்பேன்னு யார் கேரண்டி குடுக்க முடியும்? இது கையில இருக்கற களாக்காய். நீ சரின்னா காலைல தில்லிக்குப் பேரு போயிடும்.”

தீக்ஷா அம்மாவைத்தான் பார்த்தாள். நாள் முழுக்க அவள் பயந்துகொண்டிருந்தது இந்த நிமிஷத்துக்குத்தான்.

சுனந்தா படியிறங்கி வந்தாள்.

“ஏங்க, நான் ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கம்மா.”

“முட்டை வாசனை தெரியாத பொண்ணு இது. அந்த மீன் மார்க்கெட்டுல ஒரு மாசம் நடந்தா. கொமட்டிக்கிட்டு வந்தாலும் மூக்கைப் பொத்தாம நடந்தா. அவங்க வீட்டுப் பாய்ல உக்காந்தா. அதெல்லாம் எதுக்கு? இவளைத் தோக்கடிச்சவனுக்கு நோகாம தூக்கிக் குடுக்கறதுக்கா?”

“அம்மா…” என்றாள் தீக்ஷா. 

“நீ சும்மா இரு. இதை ஏன்டி என்கிட்ட காலைலயே சொல்லல? இவன் பாட்டுக்கு ஃப்ளெக்ஸ் வச்சுட்டான், நான் பாட்டுக்குப் புடவை எடுத்துட்டேன். எங்களை வச்சு வேடிக்கை பார்த்தியா?”

“நீ விட்டுடுன்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேம்மா.”

“நானா? என் பொண்ணு தோத்தா நான் அழுவேன். அதுக்காக அவ பாடுபட்டதை இன்னொருத்தனுக்கு எழுதி வைப்பேனா?”

தர்மசந்திரன் மகளைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக ஆட்டினார். அவரிடமிருந்து அதுவே ஜாஸ்தி.

தீக்ஷாவுக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“அண்ணே, தலைவர்கிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க. என்னை நெனச்சுக் கேட்டதுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்க. எனக்கு நியமனம் வேணாம். நான் தோப்புக்குப்பத்துல நிப்பேன். கட்சி சீட்டுக் குடுத்தா கட்சியில நிப்பேன். குடுக்கலன்னாலும் நிப்பேன்.”

“குடுக்கலன்னாலுமா?”

“ஆமாண்ணே.”

ஸ்ரேயாஸ் கை தட்டிவிட்டான். தட்டியபிறகு யாரும் தட்டவில்லை என்று தெரிந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ராஜமாணிக்கம் மோரைக் குடித்து முடித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணின்மேல் மரியாதை வந்தது என்றே சொல்ல வேண்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அப்ப ரெண்டாவது பேரைத்தான் அனுப்பணும்.”

“தாராளமா அனுப்புங்கண்ணே. யாரா இருந்தாலும் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“அவசரப்பட்டுச் சொல்லாதம்மா.” அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரரு உன்கிட்ட எதுவும் சொல்லலையா?”

“எதைப் பத்தி?”

“போன வாரம் தலைவர் வீட்டுக்கு வந்திருந்தாரு. நானும் பக்கத்துலதான் இருந்தேன். நீ மாட்டேன்னுதான் சொல்லுவன்னு அவருக்கு முன்னாடியே தெரியுமாம். ‘அவ மாட்டேன்னா என் பேரைப் போடுங்க’ன்னு கேட்டாரு. தோப்புக்குப்பத்தை நாங்க ரெண்டு பேருமே இனிமே கேக்க மாட்டோம்னு, உனக்கும் சேர்த்து அவரே தலைவர்கிட்ட வாக்குக் குடுத்துட்டுப் போனாரு.”

வாசலில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. யாரோ உரக்க அரோகரா சொன்னார்கள். பின்னால் வந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

ராஜமாணிக்கம் எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். “உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேம்மா. மன்னிச்சுக்க” என்றார். கேட்டைத் திறந்துகொண்டு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார்.

சுனந்தா கேட் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி இதுவரை அவள் ஒரு குறை சொன்னதில்லை. உறவில் யாராவது தங்கள் மாப்பிள்ளையைப் பற்றி அழுதால், எங்க ஸ்ரீபாலனைப் பாருங்க என்று சொல்லிப் பழக்கப்பட்டவள்.

“நல்லா கேட்டீங்களா? நம்ம மாப்பிள்ளை பேரைத்தான் சொன்னாரா?” என்று கணவரிடம் கேட்டாள்.

“அவரு பேருதான்” என்றார் தர்மசந்திரன்.

“அக்கா, மாமாவுக்குப் போன் போடட்டுமா?” என்றான் ஸ்ரேயாஸ்.

“வேணாம்.”

“அவரு ஏதாவது காரணம் வச்சிருப்பாரும்மா” என்றாள் சுனந்தா. அவள் குரலில் நம்பிக்கை இல்லை, ஆசை மட்டும்தான் இருந்தது.

“இருக்கும்” என்றாள் தீக்ஷா. “ஒரு வாரமா என் பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டாரு. காலைல பஸ்ல சீட்டுப் புடிச்சுக் குடுத்தாரு. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தாரு. நிதானமா பேசிட்டு வான்னு சொன்னாரு. காரணம் இல்லாம இருக்காது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அம்மா, பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு போடு. சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்.”

“இன்னைக்கேவா? இந்தக் கூட்டத்துல பஸ்ஸு கெடைக்குமா?”

“நின்னுக்கிட்டாவது போறேன்.”

சமண வழக்கப்படி அந்த வீட்டில் இருட்டிய பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. எனவே நாலு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவரைக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம்.  சுனந்தா கேட்காமலே மகள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். தீக்ஷா வேண்டாம் என்று சொல்லாமல் அதையும் சாப்பிட்டாள்.

கை கழுவிக்கொண்டு வந்தபோது மேஜைமேல் இருந்த போன் அடித்தது. திரையில் ஸ்ரீபாலன் பெயர். ஸ்ரேயாஸ் அப்பாவைப் பார்த்தான். சுனந்தா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

தீக்ஷா துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

“வந்தாரா செயலாளர்?” ஸ்ரீபாலனின் குரல் வழக்கம்போல மிருதுவாகவே இருந்தது.

“வந்தாரு. மோர் சாப்பிட்டாரு. கிளம்பிட்டாரு.”

“என்ன சொன்ன தீக்ஷா?”

“நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அவளும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். அவன் எதுவும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தபிறகு அவளே பேசினாள்.

“இன்னைக்கே வரேன். எவ்வளவு நேரமானாலும் தூங்கிடாதீங்க.”